அடைக்கலம் தந்த தலைமையாசிரியர்: அவோன் ழாக் அடிகளார்

நமது பங்கின் பாதுகாவலியாம் சிறுமலர் தெரேசம்மாளின் பெயரால் உலகெங்கும் எத்தனையோ ஆலயங்களும் பள்ளிகளும் எழுந்துள்ளன. அவற்றுள் ஒன்று பிரான்சு நாட்டில், பாரீசு மாநகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், ஃபோந்தேன்புளோ காட்டை அடுத்த அவோன் என்னும் சிற்றூரில் இருந்தது. கார்மேல் சபைத் துறவியர் நடத்திய ஆண்கள் விடுதிப் பள்ளி அது. யூபிலி மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதுமாறு பங்குத் தந்தை அவர்கள் நம்மைக் கேட்டபோது, பலமுறை எழுதப்பட்ட புனிதர்களை விடுத்து, அந்தப் பள்ளியின் முதல் தலைமையாசிரியராகிய ழாக் அடிகளாரை எழுதலாம் என்று துணிந்தோம். நம் பங்கில் ஆலயமும் பள்ளியும் ஒரே சுற்றுச்சுவருக்குள் வளர்ந்தவை. ஆகவே ஒரு பள்ளித் தலைமையாசிரியரின் கதை நமக்கு அந்நியமாக இராது என்று நம்புகிறோம்.

அவருடைய இயற்பெயர் லூசியன் பூனெல். 1900-ஆம் ஆண்டு சனவரி 29-ஆம் நாள் நார்மண்டிப் பகுதியில், ரூவான் நகருக்கு அருகே பாரந்தேன் என்னும் ஆலை ஊரில் பிறந்தார். தந்தையார் பஞ்சாலைத் தொழிலாளி. வீட்டில் பிள்ளைகள் ஏழு பேர். சங்கொலி கேட்டு எழுந்து, சங்கொலி கேட்டு உறங்கும் ஆலைக் குடும்பங்கள் எப்படி வாழும் என்பதை நம் பங்கு மக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. வறுமை இருந்தது, செபமும் இருந்தது. 12 வயதில் சிறுவன் லூசியன் ரூவான் நகரின் சிறு குருமடத்தில் சேர்ந்தான்.

முதல் உலகப் போர் முடிந்தபின் கட்டாயப் படைப்பணி ஆற்றிவிட்டு, குருமடம் திரும்பிப் படிப்பை முடித்து, 1925-ஆம் ஆண்டு சூலை 11-ஆம் நாள் குருவாக அபிஷேகம் பெற்றார். அதே நார்மண்டியில் உள்ள லிசியே கார்மேல் மடத்தில் வாழ்ந்து மறைந்த நம் தெரேசம்மாள் புனிதையாக உயர்த்தப்பட்டது அதே ஆண்டு மே மாதத்தில்தான். லு ஆவ்ர் துறைமுக நகரில் புனித சூசையப்பர் பெயரால் அமைந்த பள்ளியில் ஞானோபதேசமும் ஆங்கிலமும் கற்பித்தார். மாணவர் அவரைச் சூழ்ந்துகொண்டனர். பிரசங்கம் செய்வதிலும் வல்லவர் என்று பெயர் பெற்றார். ஆனால் அவர் உள்ளம் தேடியது மேடையை அன்று, மௌனத்தை. முதலில் திராப்பிஸ்து மடத்தை நினைத்தார்; பின்னர் கார்மேல் சபையை நாடினார். இத்தகைய குருவை இழக்க மேற்றிராணியாருக்கு மனம் வரவில்லை. பல ஆண்டுகள் காத்திருந்து, 1931-இல் லீல் நகரத்துக் கார்மேல் மடத்தில் நவசந்நியாசியாகச் சேர்ந்தார். இயேசுவின் ழாக் என்பது அவர் ஏற்ற துறவறப் பெயர். ழாக் என்றால் நம் வழக்கில் யாகப்பர்.

மௌனத்தைத் தேடிப் போனவருக்குச் சபை கொடுத்தது இரைச்சல் மிகுந்த வேலை! 1934-இல் அவோனில் சிறுவர்க்கென ஒரு பள்ளியைத் தொடங்கி நடத்துமாறு மேலதிகாரிகள் கட்டளையிட்டனர். பணிவு வார்த்தைப்பாட்டின்படி ஏற்றுக்கொண்டார். வசதி படைத்த குடும்பங்களின் பிள்ளைகள் வந்து சேர்ந்தனர். ஆலைத் தொழிலாளியின் மகன் அவர்களுக்குத் தந்தையானார். அச்சத்தால் அடக்குவதை அவர் விரும்பவில்லை. பாட்டு, நாடகம், காட்டில் நெடுநடை என்று பிள்ளைகளின் மனத்தைத் திறக்க முயன்றார். கண்டிப்பும் இல்லாமல் இல்லை.

இரண்டாம் உலகப் போர் 1939-இல் மூண்டது. குருக்களும் துறவிகளும் படைக்கு அழைக்கப்படுவது பிரான்சு நாட்டின் சட்டம். ழாக் அடிகளாரும் சீருடை அணிந்து சென்றார். 1940 சூனில் பிரான்சு வீழ்ந்தபோது கைதியாகப் பிடிபட்டு, முகாமில் உடன் கைதிகளுக்கு ஞானப்பணி செய்து, அவ்வாண்டு நவம்பரில் விடுதலை பெற்று அவோனுக்குத் திரும்பினார். 1941 சனவரியில் பள்ளி மீண்டும் திறந்தது. ஆனால் அவர் விட்டுச் சென்ற நாடு இப்போது இல்லை. வடபகுதி முழுவதும் செர்மானியப் படையின் கையில். பள்ளிக்கு அருகிலேயே ஃபோந்தேன்புளோ நகரில் அப்படையினர் தங்கியிருந்தனர்.

யூத மக்கள் பட்ட பாட்டை இங்குச் சிறிது சொல்லாமல் முடியாது. 1940 அக்டோபரில், செர்மானியருக்குப் பணிந்து ஆண்ட விஷி அரசே ஒரு சட்டம் இயற்றி, யூதர்களை ஆசிரியப் பணி உள்ளிட்ட பல வேலைகளிலிருந்து நீக்கியது. 1942 சூன் முதல், செர்மானியர் பிடியிலிருந்த பகுதியில் ஆறு வயது நிரம்பிய யூதப் பிள்ளை முதல் முதியோர் வரை மேலாடையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொண்டே வெளியே வரவேண்டும் என்று ஆணை பிறந்தது. அடுத்த மாதம் 16, 17 தேதிகளில் பாரீசிலும் சுற்றுப்புறத்திலும் பிரெஞ்சுக் காவல் துறையே வீடு வீடாகச் சென்று ஏறக்குறைய 13,000 யூதர்களைப் பிடித்தது. அவர்களில் 4,000-க்கும் மேற்பட்டோர் பிள்ளைகள். பிடிபட்டவர்கள் கிழக்கே அனுப்பப்பட்டனர். தப்பிய பிள்ளைகள் பலர் தாயை இழந்து, தந்தையை இழந்து, வாயிற்படி வாயிற்படியாக ஒளிந்து திரிந்தனர். அவர்களுக்காகக் கதவு தட்டியவர்களில் பாரீசு நகரத்துச் சீயோன் மாதா சபைக் கன்னியரும் இருந்தனர். அவர்கள் தட்டிய கதவுகளில் ஒன்று அவோன் பள்ளியின் கதவு.

1943 சனவரியில் மூன்று புதிய மாணவர்கள் அப்பள்ளியில் சேர்ந்தனர். சான் போன்னே, ழாக் துப்ரே, மோரிஸ் சபத்தியே என்று அவர்களுக்குப் பெயர். அதாவது, ஏட்டில் எழுதப்பட்ட பெயர். சான் போன்னேயின் உண்மைப் பெயர் ஹான்ஸ் ஹெல்மட் மிக்கேல். செர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் பிறந்து, ஹிட்லர் ஆட்சிக்குத் தப்பிப் பிரான்சுக்கு வந்த பிள்ளை. ழாக் துப்ரே என்பவர் ழாக் பிரான்ஸ் ஹால்பெர்ன். மோரிஸ் சபத்தியே என்பவர் மோரிஸ் ஷ்லோசெர். இவர்களோடு நிற்கவில்லை. மோரிஸ் பாஸ் என்னும் நான்காவது யூத இளைஞன் பள்ளியின் வேலையாளாக வைத்துக்கொள்ளப்பட்டான். ஷ்லோசெரின் தந்தைக்கு ஊரில் ஒருவர் வீட்டில் மறைவிடம் தேடித் தந்தார். லூசியன் வைல் என்னும் பெயர்பெற்ற தாவரவியல் அறிஞர், யூதர் என்பதால் கற்பிக்கத் தடை செய்யப்பட்டிருந்தவர். அவரை ஆசிரியர் குழுவிலேயே சேர்த்துக்கொண்டார். செர்மனியில் கட்டாய வேலைக்கு இழுத்துச் செல்லப்படாமல் ஒளிந்த பிரெஞ்சு இளைஞர்களுக்கும் அங்கே இடம் இருந்தது. அந்நியருக்கு எதிராக இயங்கிய இரகசிய அணியோடும் அடிகளாருக்குத் தொடர்பு உண்டு.

எழுதுவதற்கு இது எளிது. நடத்துவதற்கு எப்படி இருந்திருக்கும்? பள்ளி நடத்தியவர்களுக்குத்தான் தெரியும், சேர்க்கைப் பதிவேடு என்பது எவ்வளவு பிடிவாதமான புத்தகம் என்று. பெயர், பிறந்த நாள், தகப்பனார் பெயர், முன்பு படித்த பள்ளி என்று ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரு தாள் வேண்டும். 1983-க்குப் பின் இராமேசுவரம் கரையில் வந்திறங்கிய இலங்கைக் குடும்பங்களின் பிள்ளைகள் நம் பக்கத்துப் பள்ளிகளுக்கு வந்தபோது, மாற்றுச் சான்றிதழ் இல்லாத பிள்ளையை எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்று தலைமையாசிரியர்கள் தலையைச் சொறிந்ததை நாமே கண்டிருக்கிறோம். அங்கே காகிதம் இல்லை என்பது மட்டுமே சிக்கல். அவோனில் உண்மைக் காகிதம் இருந்தால் அதுவே மரண ஓலை. பொய்ப் பெயர், பொய்ப் பிறப்பிடம், அந்தப் பெயருக்கு உணவுப் பங்கீட்டு அட்டை, அந்தப் பெயருக்கு ஒரு குடும்பக் கதை, வேறு மாணவர் கேட்டால் தடுமாறாமல் சொல்ல ஒரு சொந்த ஊர், எல்லாம் வேண்டும். 12, 13 வயதுப் பிள்ளை நள்ளிரவில் தட்டி எழுப்பினாலும் தன் பொய்ப் பெயருக்கே குரல் கொடுக்க வேண்டும்.

ஞானோபதேச வகுப்பில் எட்டாவது கட்டளையைக் கற்பித்த குருவானவர் பள்ளிப் பதிவேட்டில் பொய் எழுதினாரே என்று யாரேனும் கேட்கக்கூடும். பாரவோனின் ஆணைப்படி எபிரேய ஆண் குழந்தைகளைக் கொல்லாமல் விட்டு, அரசனிடம் வேறு காரணம் சொன்ன மருத்துவச்சிகளை யாத்திராகமத்தில் வாசிக்கிறோம். கடவுள் அவர்களுக்கு நன்மை செய்தார் என்றுதான் அங்கே எழுதப்பட்டுள்ளது. இதற்கு மேல் வாதாட நாம் வேத சாஸ்திரிகள் அல்லோம்.

வேறொரு கேள்வி இதைவிடக் கடினமானது. அந்தப் பள்ளியில் மற்றக் குடும்பங்களின் பிள்ளைகளும் இருந்தனர். யூதரை மறைத்து வைத்தவர்களுக்கு என்ன நேரும் என்பதை எல்லாரும் அறிவர். பிறர் பெற்ற பிள்ளைகளின் தலைமேல் இத்தகைய ஆபத்தை ஏற்றி வைக்க ஒரு தலைமையாசிரியருக்கு உரிமை உண்டா? நம் பிள்ளை அந்த விடுதியில் இருந்து, நமக்கு இச்செய்தி தெரியவந்தால் நாம் என்ன செய்திருப்போம்? இதை எழுதும் நாம் எங்களுக்குள் பேசிப் பார்த்தோம். இருவர் அப்படியே விட்டிருப்போம் என்றனர். ஒருவர், மறுநாளே பெட்டியைக் கட்டிப் பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வந்திருப்பேன் என்றார். அவர் சொன்னதை நாம் குறையாக எழுதவில்லை. தாய் மனம் அது.

அடிகளாருக்கும் இக்கேள்வி தெரியாமல் இல்லை. முன்யோசனை இன்றி நடக்கிறார் என்று அவரைக் குறை கூறியவர்கள் உண்டு. ஒருவேளை தாம் சுடப்பட நேர்ந்தால், தாம் சொல்லிக்கொடுக்கும் எல்லாப் பாடங்களையும் விட அது மாணவருக்குப் பெரிய முன்மாதிரியாக இருக்கும் என்ற கருத்தில் அவர் மறுமொழி கூறியதாக அறிகிறோம். இன்னொன்றும் செய்தார், நமக்கு அதுவே வியப்பாக இருக்கிறது. மேல் வகுப்பு மாணவர்களிடம் இந்தப் புதிய தோழர்கள் யார் என்ற உண்மையைச் சொல்லிவிட்டார். மறைப்பதானால் முற்றிலும் மறைத்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். ஆனால் விடுதியில் எதை மறைக்க முடியும்? அரைகுறையாகத் தெரிந்த செய்தியே ஊருக்குப் போகும். பெரிய மாணவர்களை நம்பி அவர்கள் கையில் ஒப்படைத்தார். சொந்தத் தாய் தந்தையரிடம்கூடச் சொல்லத்தகாத அந்த இரகசியத்தை அவர்கள் ஓராண்டு காலம் காத்தனர். விளையாட்டில் சண்டை வரும், மதிப்பெண்ணில் பொறாமை வரும், கோபத்தில் வாய் தவறும் வயது அது. ஆயினும் காத்தனர்.

அந்த மாணவருள் லூயி மால் என்று ஒருவர். அப்போது அவருக்கு 11 வயது. சிறியவர் ஆதலால் அவருக்கு உண்மை சொல்லப்படவில்லை. பின்னாளில் புகழ்பெற்ற திரைப்பட இயக்குநராகி, 1987-இல் இந்தப் பள்ளியின் கதையைப் படமாக எடுத்தார். அப்படத்தில் பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன, கற்பனையும் கலந்துள்ளது. அதில் ஒரு காட்சி. தேவ நற்கருணை வாங்கும் பிள்ளைகளோடு யூதச் சிறுவனும் வந்து முழந்தாளிடுகிறான். குருவானவர் ஒரு நொடி தயங்கி, அவனைக் கடந்து சென்றுவிடுகிறார். கத்தோலிக்கர் அல்லாதவர் பார்த்தால், ஏன் இந்தக் கஞ்சத்தனம் என்பர். நாம் பார்க்கும்போது வேறு பொருள் தெரிகிறது. அடைக்கலம் தந்ததற்கு விலையாக அந்தப் பிள்ளையின் முன்னோர் விசுவாசத்தை அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

1944 சனவரி 15, சனிக்கிழமை. எவரோ துப்புக் கொடுத்ததன்பேரில் கெஸ்டாப்போ என்னும் செர்மானிய இரகசியக் காவலர் பள்ளிக்குள் நுழைந்தனர். பாடம் நடந்துகொண்டிருந்த வகுப்பில் புகுந்து, அந்தப் பிள்ளையை அவனுடைய உண்மைப் பெயரால் தேடினர். மூன்று சிறுவரும் பிடிபட்டனர். ழாக் அடிகளாரும் கைதானார். அதே நாளில் ஆசிரியர் வைலும், அவருடைய தாயாரும், சகோதரியும் தங்கள் வீட்டில் பிடிக்கப்பட்டனர். பள்ளியை இழுத்து மூடும்படி ஆணை. எல்லா மாணவரும் முற்றத்தில் குளிரில் வரிசையாக நிறுத்தப்பட்டனர். அவர்கள் கண் முன்னே அடிகளாரும் மூன்று சிறுவரும் நடத்திச் செல்லப்பட்டனர். வாசலை நெருங்கியபோது அடிகளார் திரும்பிப் பார்த்து, பிள்ளைகளிடம் விடைபெற்று, விரைவில் சந்திப்போம் என்றார். முற்றத்தில் நின்ற பிள்ளைகளும் உரக்க விடைகொடுத்தனர். காவலர் நிற்கும்போதே கொடுத்தனர்.

மூன்று சிறுவரும், வைல் ஆசிரியரும், அவர் தாயாரும் சகோதரியும் பாரீசு அருகே திரான்சி முகாமிலிருந்து பிப்ரவரி 3-ஆம் நாள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரோடு சரக்கு வண்டியில் ஏற்றப்பட்டு, போலந்து நாட்டின் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். அங்கே மடிந்தனர். ஹான்சுக்கு வயது 13. பள்ளியிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டு ஏறக்குறைய மூன்று வாரங்களே ஆகியிருந்தன. யூபிலி மலரில் வெற்றிக் கதைகளையே வாசித்துப் பழகிய நமக்கு இந்த இடத்தில் எழுத்து நின்றுவிடுகிறது. அவோன் பள்ளி அந்தப் பிள்ளைகளுக்குத் தந்தது ஓராண்டு. ஓராண்டுப் படிப்பு, ஓராண்டு விளையாட்டு, பெயர் பொய்யானாலும் நட்பு மெய்யான ஓராண்டு. அதற்கு மேல் தர முடியவில்லை.

ழாக் அடிகளாரை முதலில் ஃபோந்தேன்புளோ சிறையில் வைத்தனர். விசாரணையில் செர்மானியச் சட்டம் அவருக்குத் தெரியாதா என்று கேட்டபோது, தமக்குத் தெரிந்த சட்டம் ஒன்றே, அது சுவிசேஷத்தின் அன்புச் சட்டம் என்று கூறினாராம். பின்னர் கொம்பியேஞ் முகாம். அங்கிருந்து சார்புரூக்கன் நகரை அடுத்த நோய பிரெம் என்னும் தண்டனை முகாம். அங்கே நோயாளிகளுக்குப் பணிவிடை செய்ய அவரே முன்வந்தார். 1944 ஏப்ரலில் ஆஸ்திரியாவின் மௌத்தௌசென் முகாமுக்கும், மே மாதத்தில் அதன் கிளையாகிய கூசென் முகாமுக்கும் கொண்டு செல்லப்பட்டார்.

கூசென் என்றால் கல்லுடைக்கும் குவாரிகள், பட்டினி, அடி. சிறையிலிருந்த குருக்களைப் பெரும்பாலும் தாகவ் முகாமில் திரட்டி வைத்திருந்ததால், இங்கே குருவானவர் கிடைப்பது அரிது. போலந்து நாட்டுக் கைதிகளோ ஏராளம். நல்ல மரணத்துக்கு ஆயத்தப்பட விரும்பிய அவர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்க அவர்கள் மொழி தெரிய வேண்டுமே! அந்த நரகத்தில், 44 வயதில், ழாக் அடிகளார் போலிஷ் மொழி கற்றுக்கொண்டார். காவலர் கண்ணில் படாமல் பாவசங்கீர்த்தனம் கேட்டார். தம் பங்கு ரொட்டியைப் பிட்டு நலிந்தோருக்குக் கொடுத்தார். கடவுள் நம்பிக்கையற்ற பொதுவுடைமைக் கட்சிக் கைதிகளும் அவரைத் தங்கள் தோழராக மதித்தனர். அவர்களோடு வாதாடினார், அவர்களோடு பகிர்ந்துண்டார்.

1945 மே 5-ஆம் நாள் அமெரிக்கப் படை வந்து மௌத்தௌசெனைத் திறந்தது. அப்போது அடிகளாருக்குக் காசநோய் முற்றியிருந்தது. எடை 34 கிலோ. ஆயினும் உடன் கைதிகளாகிய பிரெஞ்சுக்காரர்கள் நாடு திரும்பும் ஏற்பாடுகளிலேயே கவலையாயிருந்தார். லின்ஸ் நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 1945 சூன் 2-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். வயது 45. அவருடைய உடல் அவோனுக்கே கொண்டு வரப்பட்டு, மடத்துக் கல்லறையில் அதே சூன் மாதம் நல்லடக்கம் செய்யப்பட்டது. விரைவில் சந்திப்போம் என்று அவர் சொன்ன பிள்ளைகள் சிலர் அன்று அவரைப் பெட்டியில் சந்தித்தனர்.

யூத மக்கள் அவரை மறக்கவில்லை. எருசலேமிலுள்ள யாத் வசேம் நினைவகம், யூதரைக் காப்பாற்றிய பிற சமயத்தாருக்கு அளிக்கும் நீதிமான் என்னும் பட்டத்தை 1985-இல் அவருக்கு வழங்கியது. அவரைப் புனித நிலைக்கு உயர்த்துவதற்கான விசாரணை 1990-இல் தொடங்கப்பட்டது. லூயி மால் எடுத்த படம் 1987-இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கப் பரிசு பெற்றது. பிள்ளைகளுக்கு விடை கூறும் சொற்களே அதன் தலைப்பு. 11 வயதில் அந்த முற்றத்தில் நின்ற சிறுவனுக்கு அதை எடுத்துச் சொல்ல 43 ஆண்டுகள் ஆயின.

ழாக் அடிகளாருக்கு அவோனில் கல்லறை உண்டு. சான் போன்னே, ழாக் துப்ரே, மோரிஸ் சபத்தியே என்ற பெயர்களில் அங்கே படித்தவர்களுக்குக் கல்லறை இல்லை. ஆதலால் அவர்களுடைய மெய்ப் பெயர்களை மேலே முழுமையாக எழுதினோம். சகல ஆன்மாக்களின் திருநாளில் நம் பள்ளிப் பிள்ளைகள் பெயர்களைச் சொல்லி மன்றாடும்போது இந்த மூன்று பெயர்களையும் சேர்த்துக்கொள்ளுமாறு பள்ளியின் தலைமைச் சகோதரி அவர்களிடம் கேட்டிருக்கிறோம். உச்சரிப்பு கடினமாயிற்றே என்று சிரித்துவிட்டு, எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தோம்.